வெள்ளி அசல், ரூபாய் போலி

தி.நகர் உஸ்மான் ரோட்டுக் கடைகளில் ஒரு மெஷின் இருக்கிறது. காசை உள்ளே வைத்து மூடினால் கொஞ்ச நேரத்தில் வெள்ளி இத்தனை சதவீதம், செம்பு இத்தனை என்று திரையில் வந்துவிடும். நகைக்கு அது வேதவாக்கு. பழைய ரூபாய்க்கு அது பாதிப் பதில்கூட இல்லை. மயிலாப்பூரில் என் வீட்டுக்குக் காசோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஈயத்தில் கள்ளக்காசு அடித்த காலம் மலையேறிவிட்டது. அபூர்வக் காசுக்குப் போலி செய்கிறவன் ஒரு தோலா வெள்ளிக்கா கணக்குப் பார்ப்பான்?

அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு பையன் 1939-ஆம் வருஷத்து ரூபாயோடு வந்தான். “கடையில மெஷின்ல வெச்சுப் பார்த்தாச்சு மாமி. 91.6 காட்டுது. அப்புறம் என்ன?” என்றான்.

“வெள்ளின்னு தெரிஞ்சுது. 1939-ன்னு யார் சொன்னா?” என்றேன்.

ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு பம்பாயில் அச்சான 1939 ரூபாய் அரிது. 1938 அவ்வளவு அரிதல்ல. இரண்டும் ஒரே எடை, ஒரே வெள்ளி. 1938-இன் கடைசி எட்டில் இடது கீழ்ப்பக்கத்தைச் சுரண்டினால் ஒன்பது தயார். மெஷின் 91.6 காட்டத்தான் செய்யும், சுண்டினால் கணீரென்றும் கேட்கும். 1940 முதல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் காசுகளில் கைவைத்தால் மெஷினே காட்டிக்கொடுத்துவிடும் என்பது போலி செய்கிறவனுக்கும் தெரியும். அந்தப் பையனிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கொடுத்து, ஒன்பதின் வாலருகே பார்க்கச் சொன்னேன். காசின் தளம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருக்க, அங்கே மட்டும் பொடிப்பொடியாகக் கீறல்கள். பையன் முகம் வாடிவிட்டது. 1938-ஆக இருந்தவரை அது நல்ல காசு. இப்போது வெறும் வெள்ளி.

நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தினவள். அதனால் தராசை நம்புகிறேன். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று கொண்டுவந்தபோது வைத்த அளவு 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொன்று வெள்ளி. தங்கத்தில் இன்று 916 என்கிறோமே, அதே விகிதம். ஒரு தோலாவும் இதே எடைதான். பழைய மருந்துக் குறிப்புகளில் “ரூபாய் எடை” என்று வருவதும் இதுதான். புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். கூடினால் சந்தேகப்படுங்கள்.

மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும். முலாம் பூசியதை அது நல்ல வெள்ளி என்று சொல்லிவிடவும் கூடும். அதற்கு அடுக்களையிலேயே வழி உண்டு. புள்ளிக்குப்பின் இரண்டு இலக்கம் காட்டும் சின்ன மின்தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். தேயாத ரூபாய்க்குத் தராசு 1.13 அளவில் காட்டும். தேய்ந்த காசென்றால் அதன் எடையை, அதை முக்கும்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள், 10.3 பக்கம் வர வேண்டும். ஜெர்மன் சில்வரில் வார்த்ததென்றால் ஒன்பதைத் தாண்டாது.

அதற்குப் பிறகும் காசில் இருக்கும் படத்தைப் படிக்க வேண்டும். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகப் போய், பார்த்தவர்கள் பன்றி என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 1912 காசில் யானைக்கு ஒழுங்கான தும்பிக்கை வந்தது. 1911 என்ற தேதியும் திருத்திய யானையும் ஒரே காசில் சேர்ந்திருந்தால் தேதியில் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

எனக்குப் பிரியமானது நம்ம ஊர்க் காசுதான். 1807 வாக்கில் சென்னை நாணயச்சாலை வெள்ளியில் அரை வராகன் அடித்தது. ஒரு பக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபக்கம் பெருமாள், சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. வெள்ளிக்கு எங்கே போவது? கப்பலில் வந்த ஸ்பானிஷ் டாலர் மேலேயே பலவற்றை அடித்தார்கள். கோபுரத்துக்கு அடியில் ஸ்பெயின் ராஜாவின் பழைய அச்சு மங்கலாகத் தெரிவதுண்டு. தெரியாதவர்கள் அதை அச்சுப்பிழை என்று ஒதுக்குவார்கள். எனக்கோ அதைக் கண்டால்தான் நிம்மதி. அந்த நாணயச்சாலையை 1869-இல் மூடிவிட்டார்கள். மின்ட் ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் சவுகார்பேட்டையில் நிற்கிறது.

காசைக் கெடுப்பதில் போலிக்காரனுக்குச் சளைத்தவர்கள் அல்ல எங்கள் மயிலாப்பூர் வீடுகள். குத்துவிளக்கோடு சேர்த்து விக்டோரியாவையும் விபூதி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். நூறு வருஷம் படிந்த கருமை ஒரு வெள்ளிக்கிழமையில் போய்விடும், விலையும் கூடவே. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்த காசும் அப்படித்தான். விளிம்பில் பற்றுத் தடம் போகவே போகாது. மிச்சம் இருப்பதை உருக்கிக் கொலுசு செய்கிறார்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் 1818-உம் கம்பெனி பெயரும் போட்ட காசைத் தயவுசெய்து என்னிடம் கொண்டுவராதீர்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அது அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல் வேறு இருக்கிறது.

கடைசியாக, அமெரிக்காவில் பேரன் இருக்கும் தாத்தாக்களுக்கு. 1972-ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பன்றி ரூபாய் அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. பேரனுக்கு வேண்டுமானால் லீவுக்கு வரும்போது இங்கேயே காட்டுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்கும் கூட்டிப்போங்கள்.