கொசு போன பின்னும் நிற்காத அரிப்பு

கடித்த கொசுவை ஒரே அடியில் நசுக்கினாலும் அரிப்பு அடங்குவதில்லை. அரிக்க வைப்பது கொசு தோலுக்குள் விட்டுப்போகும் எச்சில். அதைவிட முக்கியமானது, அந்த எச்சிலைக் கண்டு நம் உடம்பே எடுக்கும் நடவடிக்கை. இது புரிந்துவிட்டால், கடித்த இடத்தில் எதைப் பூசலாம், எதைப் பூசவே கூடாது என்பதும் தானாகப் புரியும்.

ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும். ஒற்றை ஊசி போலத் தெரியும் அதன் வாய்க்குள் ஆறு மெல்லிய ஊசிகள் இருக்கின்றன. ரம்பப் பல் கொண்ட இரண்டு தோலை அறுக்கும், வேறு இரண்டு அறுத்த இடத்தை விரித்துப் பிடிக்கும், ஒன்று ரத்தத்தை உறிஞ்சும், இன்னொன்று எச்சிலைச் செலுத்தும். எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத புரதங்கள், தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுக்கும் நொதிகள், ரத்தக் குழாயை விரிவாக்கும் பொருள்கள் எல்லாம் கலந்திருக்கும். எச்சில் உள்ளே போகும் பாதையும் ரத்தம் மேலே வரும் பாதையும் வேறு வேறு. முன்பு கடித்த ஆளின் ரத்தத்தைக் கொசு அடுத்தவர் உடம்பில் செலுத்துவதில்லை. எச்.ஐ.வி. கிருமியோ கொசுவின் உடலுக்குள் செரித்து அழிந்துபோகும். கொசுக்கடியால் எய்ட்ஸ் வரும் என்ற பயம் இன்னமும் பலரிடம் இருக்கிறது. அதற்கு அடிப்படையே இல்லை.

அந்நியப் புரதம் உள்ளே வந்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. தோலில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியேற்றுகின்றன. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இடம் தடிக்கிறது, அரிப்பு நரம்புகள் தூண்டப்படுகின்றன. சில நிமிடங்களில் எழும் வெளுத்த தடிப்பு இப்படித்தான் வருகிறது. மறுநாள் அதே இடத்தில் சிவந்து கெட்டியாக எழும் முடிச்சு வேறு வகை எதிர்வினை. அது தணியச் சில நாள் பிடிக்கும்.

கைக்குழந்தைக்குக் கோலிகுண்டு அளவு வீங்குகிறது, பக்கத்திலேயே படுத்திருக்கும் பாட்டிக்கு ஒரு தடமும் இல்லை. பாட்டியைக் கொசு கடிக்கவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். கடித்திருக்கும். வாழ்க்கையில் முதல் கடிக்கு உடம்பு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பிறகு தாமதமான முடிச்சு வரும், அடுத்து உடனடித் தடிப்பும் சேரும், ஆண்டுக்கணக்கில் கடிபட்ட பின் இரண்டும் மங்கிவிடும். கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1946-இல் 'நேச்சர்' இதழில் இந்தப் படிநிலைகளை விவரித்தார். கொசு இனத்துக்கு இனம் எச்சில் மாறுவதால் பழக்கமும் அந்தந்த இனத்தோடு சரி. வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்குக் கைகால் தடித்துப்போவதில் வியப்பில்லை. சில குழந்தைகளுக்கு முழங்கை முழுதும் வீங்கிக் காய்ச்சலும் வரும். அப்போது மருத்துவரிடம் காட்டுவதே சரி.

சொறிந்தால் சுகமாக இருப்பது உண்மை. சொறியும்போது எழும் லேசான வலி, அரிப்புச் செய்தியைத் தண்டுவடத்திலேயே சற்று நேரம் அடக்கிவைக்கிறது. ஆனால் உரசப்பட்ட தோல் மேலும் அழன்று, அரிப்பு முன்னைவிடக் கூடித் திரும்பும். கடி தானாக ஆறும், நகம் பட்ட புண் எளிதில் ஆறாது. நக இடுக்கிலும் தோலிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து சீழ் பிடிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில வாரம் கழித்துச் சில குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி வருவதுண்டு. முகம் வீங்குவதும் சிறுநீர் பழுப்பாகப் போவதும் அதன் அடையாளங்கள். பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டுவது செலவில்லாத முதல் மருந்து.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள், கலமைன் லோஷன் தடவுங்கள். பெரும்பாலான கடிகளுக்கு இது போதும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரைக் கேட்டு ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை எடுக்கலாம். சுண்ணாம்பு வேண்டாம், அது தோலை வேகவைத்துவிடும். பற்பசை எரிச்சலைக் கூட்டும். எச்சில் தொட்டு வைப்பது வாயிலுள்ள கிருமியைப் புண்ணுக்குக் கொண்டுபோகும்.

மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்று கேட்டு வாங்குவதுதான் இன்று பெரிய ஆபத்து. கையில் வரும் ட்யூபில் பல நேரம் வலுவான ஸ்டீராய்டு இருக்கும். குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்களை அட்டையில் பார்க்கலாம். அரிப்பு ஒரே நாளில் நிற்கும். அதனாலேயே தேமலுக்கும் படர்தாமரைக்கும் குழந்தையின் முகத்துக்கும் அதே ட்யூபைப் பிதுக்குகிறார்கள். தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, பூஞ்சைத் தொற்று மறைந்தபடி பரவுகிறது. தோல் மருத்துவர்கள் நெடுநாள் எச்சரித்த பின், 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கொடுத்தால் தவறு கடைக்காரருடையது. பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கொசுவை விரட்ட வாங்கும் பொருளிலும் இதே விழிப்பு வேண்டும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று கண்டது. சன்னலைச் சாத்திவிட்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளையின் தலைமாட்டில் சுருளை ஏற்றுவதைப் போன்ற கொடுமை இல்லை. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விரட்டிகளில் உள்ள ரசாயனம் பதிவு பெற்றிருக்க வேண்டும், அட்டையில் பதிவு எண் இருக்க வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்தியில் அந்த எண் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்கருவியில் மாட்டும் திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அதிலுள்ள மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கொசுவலைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

தடிப்பைப் பார்த்து எந்தக் கொசு கடித்தது, அது நோய் சுமந்ததா என்று சொல்ல முடியாது. காய்ச்சல் வந்தால் தானாக ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ விழுங்கக் கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நாள்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் அதுதான் அபாயக் கட்டம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியுமே பிறக்கிறது. டிரம், டயர், கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜின் பின்தட்டு எதுவும் அதற்குப் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. இரவில் மொய்க்கும் கியூலெக்ஸ் வளர்வதோ கூவத்திலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் சாக்கடையிலும். தொட்டியை மூடுவது வீட்டுக்காரர் வேலை, கால்வாயைத் தூர்வாருவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை.

1939-ஆம் ஆண்டின் மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்குத் தனி விதிகள் உண்டு. கொசு வளரவிடும் இடத்தின் உரிமையாளருக்குச் சுகாதார அதிகாரி நோட்டீஸ் தரலாம். பக்கத்துக் காலிமனையில் நீர் தேங்கி நின்றாலும், பாதியில் நின்ற கட்டடத்தின் அடித்தளம் குளமாகிக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913-ஐ அழையுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். காய்ச்சல் குறித்த சந்தேகங்களுக்கு மாநில அரசின் 104 எண் இருக்கிறது.