ஸ்டக்கோ சுவரில் விலங்குத் தடுப்பு வலை பொருத்துதல்

ஸ்டக்கோ சுவரில் விலங்குத் தடுப்பு வலை பொருத்துதல் என்பது, சிமென்ட் பூச்சு கொண்ட வீட்டின் வெளிச்சுவரில் கம்பிவலை, நூல்வலை, ஒருவழித் திறப்பு போன்றவற்றை அமைத்து, எலி, அணில், வௌவால், பறவை ஆகியவை உள்ளே நுழைவதையும் கூடு கட்டுவதையும் தடுக்கும் முறையாகும். ஸ்டக்கோ வீடுகள் மிகுதியாக உள்ள கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற அமெரிக்க மாநிலங்களில் இது பரவலாகச் செய்யப்படுகிறது. விலங்கைக் கொல்லாமல் வெளியே நிறுத்துவதே இதன் நோக்கம். தவறாகச் செய்தால் இரண்டு கேடுகள் நேரும். துளை வழியே மழைநீர் இறங்கிச் சுவரின் உள்மரம் அழுகும். அல்லது விலங்கு உள்ளேயே அடைபட்டு இறந்துபோகும்.

சுவரின் அமைப்பு

தமிழ்நாட்டு வீடுகளில் சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் செங்கல் இருக்கும். ஆகவே சுவரில் எங்கே துளையிட்டாலும் திருகுக்குப் பிடிப்பு கிடைக்கும். அமெரிக்க ஸ்டக்கோ வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. செங்குத்தான மரச்சட்டங்கள் பொதுவாக 16 அங்குல (சுமார் 40 செ.மீ.) இடைவெளியில் நிற்கும். அவற்றின் மேல் நீர்த்தடுப்புத் தாளும், அதன் மேல் உலோக வலையும் அறையப்பட்டு, மூன்று அடுக்காகப் பூச்சு பூசப்படும். மரபான மூவடுக்குப் பூச்சின் மொத்தத் தடிமன் சுமார் 22 மி.மீ. மட்டுமே. முதலிரண்டு அடுக்குகள் வலிமை தருகின்றன. மெல்லிய மூன்றாம் அடுக்கு நிறமும் சொரசொரப்பும் தருகிறது.

சுவரின் அடியில் துளைகள் கொண்ட ஓர் உலோக விளிம்பு இருக்கும். பூச்சுக்குள் புகுந்த நீர் தாளின் வழியே இறங்கி இதன் மூலம் வெளியேறுகிறது. எலி நுழையும் என்று அஞ்சி இந்த விளிம்பை சீலன்ட் கொண்டு அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கும்.

ஸ்டக்கோவைப் போலவே தோன்றும் மற்றொரு வகையில், நுரைப்பலகையின் மேல் மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கும். தட்டினால் வெற்றொலி கேட்கும். இதில் திருகு நிற்காது. மரங்கொத்திகள் இதைத் துளைப்பதும் உண்டு.

பொருள்கள்

வலையின் கண் அளவை விலங்கே முடிவு செய்கிறது. சுண்டெலி 6 மி.மீ. இடுக்கிலும், பெரிய எலி 13 மி.மீ. துளையிலும் நுழையக்கூடியது. சிறிய வௌவாலுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளியே போதும். எனவே காற்றுத் துளைகளுக்கு 6 மி.மீ. கண் கொண்ட, துத்தநாகம் பூசிய கம்பிவலை ஏற்றது. காட்டுத்தீ அபாயமுள்ள கலிபோர்னியப் பகுதிகளில் தீப்பொறி புகாதிருக்க 3 மி.மீ. அளவிலான, தீப்பற்றாத வலை தேவைப்படுகிறது.

பிளாஸ்டிக் வலையை எலியும் அணிலும் கடித்துவிடும். நுரை அடைப்பும் தனியாக நிற்காது. குழாய்களைச் சுற்றியுள்ள சிறு இடுக்குகளில் துருப்பிடிக்காத எஃகு வலையைத் திணித்து, மேலே சீலன்ட் பூசுவர். செம்பு வலையைத் துத்தநாகம் பூசிய உலோகத்தோடு சேர்த்துப் பொருத்தக் கூடாது. ஈரம் பட்டால் துத்தநாகம் விரைவில் அரிக்கப்படும்.

பொருத்தும் முறை

முடிந்தவரை பூச்சைத் துளைக்காமல் இருப்பதே நல்லது. கூரை ஓர மரப்பலகை, சாளரச் சட்டம், கான்கிரீட் அடித்தளம் ஆகியவற்றில் பொருத்த இயலுமா என்று முதலில் பார்க்க வேண்டும். இயலாதபோது பின்வரும் வரிசையில் வேலை நடைபெறும்.

1. சுவரின் தூசியையும் உதிரும் பூச்சையும் தூரிகையால் அகற்ற வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டுநாடா நிற்காது.
2. கனமான வலைக்கு மரச்சட்டம் இருக்கும் இடத்தைக் கண்டறிய வேண்டும். இலகுவான வலைக்குப் பூச்சில் செருகும் பிளாஸ்டிக் பிளக் போதும்.
3. கான்கிரீட் துளைக்கும் பிட்டால் பூச்சை மட்டும் துளைத்து, பின்னர் மெல்லிய மர பிட்டால் சட்டத்தைத் துளைக்க வேண்டும். மூலைகளுக்கு மிக அருகில் துளையிட்டால் பூச்சு பெயர்ந்துவிடும்.
4. துளைத்தூசியை அகற்றிவிட்டு, துளைக்குள் சீலன்ட் நிரப்பியபின் திருகைச் செலுத்த வேண்டும். இதுவே மழைநீரைத் தடுக்கும் படி.
5. வலையின் கண் வழியே திருகின் தலை நழுவாதிருக்க அகன்ற வாஷர் இட வேண்டும். பூச்சு நொறுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது.

துளையிடும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. தகுந்த முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். பழைய வீடுகள் சிலவற்றின் பூச்சில் கல்நார் கலந்திருக்கலாம். ஐயமிருந்தால் சோதனை செய்தபின்பே துளையிட வேண்டும்.

தாழ்வாரத்தின் அடியில் வளை தோண்டும் விலங்குகளைத் தடுக்க, வலையை மண்ணுக்குள் சுமார் 30 செ.மீ. இறக்கி, கீழ்ப்பகுதியை வெளிப்புறமாக மடித்துப் புதைப்பர். இதன் மேல்விளிம்பை நீர் வடியும் விளிம்புக்குக் கீழே, கான்கிரீட் அடித்தளத்தில் பொருத்த வேண்டும்.

காலம் அறிந்து செய்தல்

வட அமெரிக்காவில் வௌவால்கள் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரை குட்டி வளர்க்கின்றன. அப்போது வழியை மூடினால் தாய் வெளியிலும், பறக்க இயலாத குட்டி உள்ளேயும் சிக்கிக்கொள்ளும். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பின்னரே ஒருவழித் திறப்பு அமைக்கப்படுகிறது. வழியின் மேலும் பக்கங்களிலும் நுண்ணிய வலையைப் பொருத்தி, அடிப்பகுதியைத் தொங்கவிடுவர். வெளியே ஊர்ந்து வரும் வௌவாலால் திரும்ப நுழைய முடியாது. சுமார் ஒரு வாரம் கழித்து, எதுவும் வெளிவரவில்லை என உறுதிசெய்தபின் வழி நிரந்தரமாக அடைக்கப்படும்.

பாறைத் தகைவிலான் என்னும் சிறு பறவை, கூரை இறவாரத்தின் அடியில் மண்ணுருண்டைகளால் கூடு கட்டுகிறது. சொரசொரப்பான ஸ்டக்கோவில் மண் நன்கு ஒட்டுவதால் இத்தகைய சுவர்களை அது நாடுகிறது. கலிபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ நகரில் ஆண்டுதோறும் மார்ச் 19 அன்று இப்பறவையின் வருகை கொண்டாடப்படுகிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அனுமதியின்றி அகற்றுவது குற்றம். ஆகவே பறவைகள் வருமுன்பே, 19 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த கண் கொண்ட வலையை இறவார விளிம்பிலிருந்து சுவர் வரை இழுத்துக் கட்டிவிட வேண்டும். வலை தளர்ந்திருந்தால் பறவைகள் அதில் சிக்கி இறக்கும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன் திருகுகளையும் சீலன்டையும் பார்வையிட வேண்டும். வெடித்த சீலன்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். வலையை அகற்றும்போது துளைகளை சீலன்டாலோ ஸ்டக்கோ பூச்சாலோ அடைத்து, மேலே வண்ணம் பூசினால் சுவரின் நீர்த்தடுப்பு குலையாமல் இருக்கும்.