பூனைக்குச் சர்க்கரை நோயா? முதலில் தட்டு, பிறகு ஊசி

பூனைக்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை மருத்துவர் சொன்ன அன்று வீட்டில் இரண்டு பதற்றங்கள் சேர்ந்தே வரும். 'தினமும் இரண்டு வேளை ஊசியா?' என்பது ஒன்று. 'எப்படியாவது சர்க்கரையை உடனே இறக்கிவிட வேண்டுமே' என்பது மற்றொன்று. முதலாவது சில நாட்களில் அடங்கிவிடும். இன்சுலின் ஊசி மிக மெல்லியது. தட்டில் வாய் வைத்திருக்கும் பூனை பெரும்பாலும் அதைக் கவனிப்பதே இல்லை. ஆபத்து இரண்டாவது பதற்றத்தில்தான் இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சர்க்கரை சில வாரம் கூடுதலாக இருப்பதை அதன் உடல் தாங்கும். இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்துவிட்டாலோ சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒரு வேளை குறைந்தால் சமாளிக்கலாம், ஒரு வேளை கூடினால் சமாளிக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உணவு, ஊசி, நேரம் எல்லாம் தெளிவாகிவிடும்.

அறிகுறிகள் என்னென்ன?

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகும். மணல் தட்டில் ஈரக் கட்டிகள் பெரிதாகும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். நன்றாகச் சாப்பிட்டும் முதுகெலும்பு துருத்தத் தொடங்கும். சில பூனைகள் விரல்நுனியில் நடப்பதை விட்டுவிட்டு, பின்னங்காலின் குதிகால் வரை தரையில் படிய நடக்கும். சர்க்கரை நரம்பைப் பாதித்ததன் அடையாளம் அது.

நடுவயதைத் தாண்டிய, எடை கூடிய, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கே இந்நோய் அதிகம் வருகிறது. தோல் அரிப்புக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு கொடுத்த பூனைகளுக்கும் வரலாம். மருத்துவமனைக்குப் போன பயத்திலேயே பூனையின் ரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

12 மணி நேரக் கணக்கு

பூனைகளுக்கு இன்சுலின் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. காலை 7 மணி என்றால் இரவு 7 மணி. வீட்டில் எல்லா நாளும் ஒருவராவது இருக்கக்கூடிய நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அரை மணி, ஒரு மணி முன்பின் ஆனால் பெரிய தீங்கில்லை. பல மணி நேரம் கழித்து நினைவு வந்தால் அந்த வேளையை விட்டுவிட்டு, அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் போடுங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காக ஒருபோதும் போடக் கூடாது.

ஊசி சரியாக இறங்கியதா, மருந்து ரோமத்திலேயே வழிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். அப்பா போட்டதை அறியாமல் மகளும் போட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கக்கூடிய தவறு. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவுடன் நேரத்தையும் அளவையும் எழுதிவிடுங்கள்.

முதலில் தட்டு, பிறகு ஊசி

தட்டை வையுங்கள். பூனை வழக்கம்போல் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ சாப்பிட்ட உடனேயோ ஊசியைப் போடுங்கள். இந்த வரிசை மாறாமல் இருப்பது முதல் மாதத்தில் பெரிய பாதுகாப்பு.

நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் பூனையை இரண்டே வேளைக்குப் பழக்கியாக வேண்டும் என்பதில்லை. மாவுச்சத்து குறைந்த உணவு தின்னும் பூனைக்குச் சாப்பிட்டவுடன் சர்க்கரை பெரிதாக எகிறுவதில்லை. அன்றைய மொத்த உணவையும் அளந்து வைத்து, பூனை வழக்கமான அளவு தின்றதா என்பது தெரிந்தால் போதும். இரண்டு மூன்று பூனைகள் உள்ள வீட்டில் தனித்தனி அறையில் தட்டு வையுங்கள். வெளியே சுற்றும் பூனையை இந்த வாரங்களில் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் மீன் தலை தின்றுவிட்டு வந்து உங்கள் தட்டைத் தொடாத பூனைக்கு எதை நம்பி ஊசி போடுவது?

பூனை எதையுமே தொடவில்லை, அல்லது வாந்தி எடுத்தது என்றால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாதி தின்றால் எத்தனை யூனிட், ஒன்றும் தின்னாவிட்டால் எத்தனை யூனிட் என்று முதல் நாளே அவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அதே சமயம், சாப்பிடவில்லை என்று நாட்கணக்கில் ஊசியை நிறுத்தவும் கூடாது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைச் சேர்க்கும், ரத்தம் அமிலமாகும். சோர்வு, வாந்தி, பசியின்மை மூன்றும் சேர்ந்தால் அது அவசரச் சிகிச்சைக்கு உரிய நிலை. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத சர்க்கரைப் பூனையை மறுநாள் வரை வைத்துப் பார்க்காதீர்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. மாவுச்சத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு அதன் உடலில் குறைவு. நம் வீடுகளில் பாசத்தோடு ஊட்டும் பால்சோறு, தயிர்ச்சோறு, பிஸ்கட் எல்லாமே இந்த நோயில் சுமைதான். கடையில் கிடைக்கும் மொறுமொறுப்பான உலர் தீவனத்திலும் மாவுச்சத்து கணிசமாக இருக்கும். இறைச்சியோ மீனோ அடிப்படையாக உள்ள, ஈரப்பதம் மிகுந்த டின் அல்லது பாக்கெட் உணவு பெரும்பாலான சர்க்கரைப் பூனைகளுக்கு ஏற்றது. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் உணவைத் தேர்வு செய்யும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

வெறும் வேகவைத்த கோழியையும் மீனையும் மட்டும் மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாது, டாரின் என்ற சத்தும் குறையலாம். டாரின் குறைந்தால் பூனையின் இதயமும் கண்ணும் கெடும். வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால் மருத்துவரிடம் முறையான சேர்மானம் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் கூடாது.

சோற்றிலிருந்தும் உலர் தீவனத்திலிருந்தும் ஈர உணவுக்கு மாறும்போது பூனைக்குத் தேவையான இன்சுலின் வெகுவாகக் குறையலாம். அதே அளவு ஊசி தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். எனவே தட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். எடையைக் குறைக்கிறேன் என்று பட்டினி போடாதீர்கள். பருமனான பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நம் மருந்துக் கடைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 1 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு வேளைக்கு 1 யூனிட் அளவிலேயே சிகிச்சையைத் தொடங்கும் பூனைக்கு இந்தப் பிழை தாங்காது. வாங்கும்போதே மருந்துப் புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 1 யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு, சின்னஞ்சிறு துளி. ஒரு காற்றுக்குமிழ் புகுந்தாலே அதில் பாதி குறைந்துவிடும். சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, சுண்டிக் குமிழை வெளியேற்றி, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படியுங்கள். அரை யூனிட் கோடுகள் உள்ள 30 யூனிட் சிரிஞ்ச் கிடைத்தால் அதுவே வசதி. விலாப்புறத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து, தினமும் சற்று இடம் மாற்றிப் போடுங்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துபோன மருந்தையும் வெயிலில் சூடேறிய மருந்தையும் எறிந்துவிடுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால்

தள்ளாட்டம், திடீர்ப் பசி, வெறித்த பார்வை, நடுக்கம், வலிப்பு. இவற்றில் எது தெரிந்தாலும் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனால், அறிகுறி இல்லாவிட்டாலும் அது அவசரம். பூனை விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுங்கள். மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; தேனையோ கரைத்த குளுக்கோஸையோ ஈறில் தடவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெளிந்து எழுந்துவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். இன்சுலினின் வேலை இன்னும் முடிந்திருக்காது. மருத்துவர் சொல்லும் வரை அடுத்த ஊசி வேண்டாம்.

வீட்டுச் சோதனை

காது ஓரத்தில் மெல்லிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். வெதுவெதுப்பான துணியால் காதைச் சூடாக்கி, பின்புறம் பஞ்சு வைத்து, ஓரத்தில் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் போதும். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் சர்க்கரையைப் பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும். இருந்தாலும் ஒரே கருவியில் தொடர்ந்து பார்த்தால் போக்கு விளங்கும். ஊசிக்கு முன் பார்த்த எண்ணைக் குறித்து வையுங்கள். அளவு வழக்கத்தைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் ஊசி போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு நாள் எண் கூடியதற்காக நீங்களே அளவை ஏற்றாதீர்கள். ஓரிரு வாரப் போக்கைப் பார்த்தே மருத்துவர் மாற்றுவார்.

குணமாகும் வாய்ப்பு உண்டு

பூனைகளில் மகிழ்ச்சியான செய்தி ஒன்று உண்டு. நோய் தெரிந்தவுடனே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் தொடங்கிய பூனைகளில் கணிசமானவற்றுக்கு, சில மாதங்களில் கணையம் தேறி ஊசியே தேவையில்லாமல் போகிறது. ஆனால் தேறும் கணையம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. நேற்று வரை சரியாக இருந்த 2 யூனிட் இன்று மிகுதியாகிவிடும். அப்படி மாறும் நாளை முதலில் காட்டுவது உங்கள் குறிப்பேட்டில் இறங்கிவரும் எண்கள்தான். ஊசி நின்ற பிறகும் உணவுக் கட்டுப்பாடும் அவ்வப்போது சோதனையும் தொடர வேண்டும், நோய் திரும்பக்கூடும். தட்டைப் பார்த்து ஊசி போடுவது, எண்ணைக் குறித்து வைப்பது, கேட்காமல் அளவை மாற்றாதிருப்பது. இம்மூன்றையும் தினமும் செய்ய முடிந்த எந்த வீட்டிலும் சர்க்கரைப் பூனை பல ஆண்டுகள் நலமாக வாழலாம்.