ஒரே ஆள், மூன்று வரி

ஆவடிப் பெரியவர்களிடம் மாநாடு என்று பேச்செடுத்தால் நேராக 1955-க்குப் போய்விடுவார்கள். சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட கூட்டம். அரசியல் மாநாட்டில் கடைசியில் மிஞ்சுவது தீர்மானம். ஆய்வு மாநாட்டில் மிஞ்சுவது பட்டியல். யார் வந்தார், எந்த ஊர், எந்த அமர்வில் என்ன படித்தார். வருஷவாரியாக அதைக் கோத்தால் ஒரு துறை யாரால் வளர்ந்தது, எங்கே அறுந்தது என்று பார்த்துவிடலாம்.

உலகத் தமிழ் மாநாடுகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 1964 ஜனவரியில் டெல்லியில் நடந்த கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தனியே கூட்டி, தனிநாயகம் அடிகள் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கிவைத்தார். 1966 கோலாலம்பூர், 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம், 1981 மதுரை, 1987 மறுபடி கோலாலம்பூர், 1989 மொரீஷியஸ், 1995 தஞ்சாவூர். அப்புறம் இருபது வருஷம் ஒன்றுமில்லை. இதெல்லாம் எக்செல்லில் சுலபமாக ஏறிவிட்டது.

மாட்டிக்கொண்டது பெயரில். பதிவு செய்துதர வந்த பெண் அம்பத்தூர் எஸ்டேட்டில் டேட்டா என்ட்ரி பார்த்தவர். "சார், இவருக்கு சர்நேம் எது?" என்றார் முதல் பக்கத்திலேயே. தனிநாயகம் ஒரு தொகுதியில் ஒரே சொல், இன்னொன்றில் 'தனி நாயகம்' என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறார், வேறோரிடத்தில் சேவியர். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். நாகர்கோவில்காரரான வ.ஐ. சுப்பிரமணியம் தன் பெயரை ஆங்கிலத்தில் 'சுப்ரமோனியம்' என்றுதான் எழுதுவார். திருத்துகிறேன் பேர்வழி என்று கைவைத்தால் அவரும் இரண்டாகிவிடுவார்.

பெரிய அறிஞர்கள் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். பெண்கள் விஷயம்தான் கஷ்டம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். 1968-இல் கட்டுரை படித்த ஒருவர் 1981-இல் புது ஆளாக நிற்பார். கவனிக்காமல் எண்ணினால், பெண்கள் ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போனார்கள் என்று அட்டவணை அடித்துச் சொல்லும். பொய்!

இதற்கு ஒரு முன்னோடி வேலை உண்டு. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆள் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். பெயரைக் கூறுகளாகப் பிரித்தார்கள்: மூவேந்தவேளான் மாதிரிப் பட்டம், 'உடையான்' என்று வரும் உரிமை. எந்தப் பட்டம் எந்தக் காலத்தில் எங்கே பெருகியது என்று எண்ணியதில் சோழ நிர்வாகத்தின் உருவம் தெரிந்தது. நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே: அச்சில் உள்ள பெயரைத் தொடாதே. ஆள் யார் என்ற முடிவுக்குத் தனி எண், தனிக் கட்டம்.

வராதவர்களுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். யாழ்ப்பாண மாநாட்டுக்குப் புறப்பட இருந்த இந்தியர் சிலருக்கு இலங்கை அரசு விசா தரவில்லை. அவர்கள் பெயர் அந்த ஆண்டில் இல்லாததை ஆர்வக் குறைவு என்று படித்தால் அநியாயம்.

2010 கோவை மாநாட்டைச் சேர்ப்பதா என்று எங்களுக்குள் சண்டை. அப்போது மன்றத் தலைவர் அதே கராஷிமா; அவர் ஒப்புக்கொள்ளாததால் அது செம்மொழி மாநாடு என்ற பெயரில் நடந்தது. மன்றத்தின் மாநாடு அல்ல, ஆனால் வந்தவர்களில் பாதிப் பேரை மற்ற பட்டியல்களிலும் பார்க்கலாம் என்பது என் ஊகம். வேறு நிறத்தில் ஏற்றச் சொல்லிவிட்டேன். எண்ணிப் பார்த்ததை அடுத்த வாரம் சொல்கிறேன்.