மண்புழுவுக்கு மூக்கு எங்கே?



போன ஐப்பசி அடைமழையில் நம் குழு ஒன்றின் மண்புழு உரத்தொட்டிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. புழுக்கள் எல்லாம் மேலே ஏறி வந்து சுவரோரம் குவிந்து கிடந்தன. இரண்டே நாளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. புழு வாங்கியது கடன் பணத்தில். "ஈரம் காயவிடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார்கள். உண்மைதான். பயிற்சியில் காயக்கூடாது என்று சொன்ன நாங்கள், ஏன் ஈரம், எவ்வளவு ஈரம் என்று விளக்கவில்லை. அதை இப்போது சொல்கிறோம்.

நாம் மூக்கால் இழுக்கும் காற்று நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. மீனுக்கு இந்த வேலையைச் செய்வது செவுள். மண்புழுவுக்கு இரண்டும் கிடையாது. தோலாலேயே மூச்சு விடுகிறது. தோல் எப்போதும் வழவழவென்று ஈரமாக இருக்கும். பிராணவாயு அந்த ஈரத்தில் கரைந்து, தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களுக்குள் போகும். கரியமில வாயு அதே வழியில் வெளியேறும். புழுவின் இரத்தமும் சிவப்புதான். அதிலும் ஹீமோகுளோபின் உண்டு. இரத்தசோகைக் கூட்டத்தில் கேட்டோமே, அதே பேர்தான்!

ஆகவே வெயிலில் தோல் காய்ந்தால் புழு மூச்சு முட்டிச் சாகும். ஈரச் சாக்கு போட்டு மூடச் சொல்வது இதற்குத்தான்.

"அப்போ தண்ணியில ஏன் சாகணும்?" நல்ல கேள்வி. எருவின் சந்துகளில் காற்று நடமாடும்போதுதான் தோலுக்குப் பிராணவாயு கிடைக்கும். சந்துகளில் தண்ணீர் நின்றால், பிராணவாயு பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடும். கொஞ்ச நஞ்சம் இருப்பதையும் சாணத்தை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் நாற்றம் வருகிறதா? காற்று போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு கைப்பிடி எருவை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உதிர்ந்தால் தெளியுங்கள். எருவைக் கையால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். மண்வெட்டி வேண்டாம், புழு வெட்டுப்படும். பச்சைச் சாணம் சூடேறும், அதை 15, 20 நாள் ஆறவைத்த பிறகே போடுங்கள்.

அந்தக் குழுவினர் தொட்டியின் அடியில் வடிகால் துளை போட்டு, மிஞ்சிய புழுக்களை வைத்தே மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். கடனில் இன்னும் நான்கு தவணை பாக்கி. உங்கள் தொட்டியிலும் துளை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.