இருதுருவ மனநோய்க்கு மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும்

இருதுருவ மனநோயில், அதாவது பைபோலாரில், மனநிலை எழுச்சி, சோர்வு என்ற இரு எல்லைகளுக்கும் போய்வரும். எழுச்சிக் காலத்தில் இரண்டு மணி நேரமே தூங்கியும் அலுப்பு தெரியாது, பேச்சு ஓயாது, கடன் வாங்கியாவது செலவு நடக்கும். வீட்டார் இதைச் சுறுசுறுப்பு என்றே நினைப்பதால், பலர் மருத்துவரிடம் வருவது சோர்வில் விழுந்த பிறகுதான். பழைய எழுச்சியைச் சொல்லாமல் விட்டால் சோர்வுக்கான மாத்திரை மட்டுமே கிடைக்கும். தனியாக எடுத்தால் அது சிலருக்கு எழுச்சியைக் கிளப்பிவிடும்.

சிகிச்சைக்கு அடிப்படை லித்தியம், வால்புரோயேட் போன்ற மருந்துகள். லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு ரத்தத்தில் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடி நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்புரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதைப் பெண்களுக்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

மாத்திரையைத் தொடர வைப்பதும், நோய் திரும்புவதை முன்கூட்டிக் கண்டுகொள்ள வைப்பதும் பேச்சு சிகிச்சை. சோர்வில் இருந்த 293 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், மருந்தோடு தீவிரப் பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் மீண்டனர். மருந்தோடு சுருக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் சுமார் 52 சதவீதம்.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் இருந்து குற்றாலச் சீசனுக்குக் கடை போடப் போகும், இந்த நோய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இரவுக் கண்விழிப்பே எழுச்சிக்குத் தூண்டுகோல். சாரல் தொடங்கும் முன்பே உளவியலாளர், நோயாளி, வீட்டார் மூவரும் உட்கார்ந்து இரவு வியாபாரத்தைத் தம்பி பார்ப்பது, படுக்கும் நேரம் மாறாதது, இரண்டு இரவு தூக்கம் கெட்டால் மருத்துவரை அழைப்பது என்று எழுதி வைப்பதும் சிகிச்சைதான். அருவியில் குளித்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை இங்கே பழையது. குளிப்பதில் தவறில்லை, அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

சிகிச்சைக்குப் பதில் நம்பிக்கையை மட்டும் சார்வதன் ஆபத்தை ஏர்வாடி காட்டியது: அங்கே மனநோயாளர் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அதன்படி சமுதாய நல மையம் முதல் மேல்நிலை அரசு மருத்துவமனை வரை அத்தியாவசிய மனநல மருந்துகள் இலவசம். காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள இடம் மனநோய்க்கும் உண்டு. இந்த நோய்க்கு மிகவும் பொருந்துவது முன்கூட்டிய விருப்ப ஆவணம்: எழுச்சியில் தன் நிலை தனக்கே தெரியாமல் போகும் என்பதால், எந்தச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவாக இருக்கும்போதே எழுதலாம். உரிமை மறுக்கப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். சட்ட உதவி இலவசம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகலாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும்.