கலீஃபாவின் முதுகில் ஏறியவர்

ஒரகடத்தை அடுத்த வல்லக்கோட்டை, முருகன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2017இல் வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை இயங்கத் தொடங்கியது. பிழைப்பு நாடி வந்தோர் பலர் இச்சுற்று வட்டாரத்திலேயே வீடு வாங்கிக் குடியமர்ந்தனர். அடுக்குமாடிகள் எழுந்தன, அவற்றோடு உரிமையாளர் சங்கங்களும் அவற்றின் விதிகளும் வந்தன.

"விருந்தினர் வண்டிக்கு உள்ளே இடமில்லை, மொட்டை மாடியில் கூடலாகாது" என்று பலகை தொங்குகிறது. பெருநாளன்று உங்கள் உறவினரின் வண்டி வாயிலிலேயே தடுக்கப்படுகிறது. உள்ளம் கொதிக்கிறது. அப்போது நீங்கள் செய்யத்தக்கது யாது?

உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடுதான் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. ஹலாலை ஹராமாக்காத வரையில், முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்னும் கருத்துடைய நபிமொழி திர்மிதியில் உள்ளது. 2022இல் இயற்றப்பெற்று 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் உரிமையாளர்களைத் துணைவிதிகளுக்குக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, வீடு வாங்குமுன் துணைவிதிகளைப் படித்துப் பாருங்கள்.

அவ்வாறாயின், தவறான விதியைக் கண்டும் வாளாவிருப்பதா? இல்லை. முஸ்னது அஹ்மதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவுக்குப் புறப்பட்டார்கள். அண்ணலாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டுக் கூரைக் குழாயிலிருந்து குருதி கலந்த நீர் அவர்கள் மீது சிந்தியது. குழாயை அகற்றச் செய்தார்கள். உடை மாற்றிவந்து தொழுகை நடத்தினார்கள். பின்னர் அப்பாஸ் (ரலி) வந்து, "அதனை அவ்விடத்தில் அமைத்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே" என்றார்கள். உமர் (ரலி) வாதாடவில்லை. தம் முதுகின்மீது ஏறி நின்று குழாயைப் பழைய இடத்திலேயே பொருத்துமாறு வேண்டிக்கொண்டார்கள். அப்பாஸும் அவ்வாறே செய்தார்கள்.

அப்பாஸ் (ரலி) இரவோடிரவாகக் குழாயை மாட்டிவிடவில்லை; ஆணையிட்டவரிடமே சான்றோடு சென்றார்கள். நீங்களும் வாயிற்காவலரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவ்விதியை இயற்றியவர் அவரல்லர். துணைவிதிகளின் நகலைப் பெறுங்கள். அவ்விதி பொதுக்குழுவில் நிறைவேறியதா, செயலாளரின் அறிவிப்பு மட்டுமா என்று பாருங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள், பொதுக்குழுவில் எடுத்துரையுங்கள். அங்கும் நீதி கிட்டாவிடில் சட்டத்தின் வாயில் திறந்தே இருக்கிறது. ஆனால் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அதனால் வாடுவது அண்டைவீட்டாரின் தண்ணீரும் காவலரின் கூலியுமே.

நாளை நீங்களே சங்கப் பொறுப்பில் அமரலாம். அன்று ஒருவர் உங்கள் விதி தவறென்று சான்றுடன் வந்தால், உமரின் முதுகை நினைவிற்கொள்ளுங்கள்.

வாக்கைக் காக்கும் உறுதியையும் நீதிக்குத் தலைவணங்கும் பணிவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.